எவர் பாவத்துக்கு எவர் பிராயச்சித்தம்?



இந்த இதழின் தலையங்கத்துக்கு வேறு பொருள் எடுத்து வைத்திருந்தோம். அதை ஒதுக்கிவிட்டு இதை எழுத வேண்டியதாகிவிட்டது. காரணம் ஒரு துண்டுக் காகிதம்.

வங்கிக் கவுண்டரில் கூட்டம் நெரிந்துகொண்டிருந்த ஒரு திங்கட்கிழமை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நம் வாசகர் வட்டத்துத் தம்பி ஒருவன் நிற்கிறான். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. பணம் கட்ட வரவில்லை. மடித்த காகிதம் ஒன்றை சலான் நீட்டுவதுபோல நீட்டினான். நாட்டு நலப்பணித் திட்டச் சிறப்பு முகாம். ஏழு நாள். தத்தெடுத்த கிராமம். நிகழ்ச்சி நிரல் கச்சிதமாக அச்சடித்திருந்தார்கள். முதல் நாள் தொடக்க விழா, மரக்கன்று நடுதல். இரண்டாம் நாள் கோயில் வளாகம் தூய்மை செய்தல். மூன்றாம் நாள் காலனிப் பகுதியில் கழிவுநீர்க் கால்வாய் தூர் வாருதல், சுகாதார விழிப்புணர்வு. இப்படியே போய் ஏழாம் நாள் நிறைவு விழா, பொன்னாடை.

“போலாமாணா, வேணாமா?”

“ஏன்டா, இன்னா பிரச்சினை?”

“அம்மா சண்டை போடுதுணா. நான் வார்றது பத்தாதா, நீ காலேஜுக்குப் போய்ப் படிச்சு அங்கயும் வாரணுமான்னு கேக்குது.”

அவன் அம்மா நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். விடியற்காலையில் நாம் புரண்டு படுக்கும் நேரத்தில் வண்டி தள்ளிக்கொண்டு போகிறவர். அவர் கேட்ட கேள்விக்கு என்னிடம் உடனே பதில் இல்லை. வரிசையில் பின்னால் நின்றவர் “சார், சீக்கிரம்” என்றார். காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, “அப்புறம் சொல்றேன்டா” என்று தப்பித்தேன். அந்த ‘அப்புறம்’தான் இந்தத் தலையங்கம்.

படிக்கிறவன் சமூகத்துக்குச் சேவை செய்யப் பழக வேண்டும், அதைப் பாடத்திட்டத்துக்குள்ளேயே வைக்க வேண்டும் என்ற பேச்சு இந்த நாட்டில் புதிதில்லை. சுதந்திரம் வந்த கையோடு 1948-49இல் ராதாகிருஷ்ணன் தலைமையிலான பல்கலைக்கழகக் கல்விக் குழு, மாணவர்கள் விருப்பத்தின் பேரில் தேசிய சேவை செய்யலாம் என்றது. 1959இல் சி.டி. தேஷ்முக் குழு வந்தது. அது கட்டாயமாகவே ஆக்கிவிடலாம் என்றது. பிறகு கே.ஜி. சையதைன் பல நாடுகளின் அனுபவத்தைப் பார்த்துவிட்டு, கட்டாயம் வேண்டாம், விருப்பமே போதும் என்றார். கோத்தாரி குழுவும் பேசியது. கடைசியில் காந்தி நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, மத்தியக் கல்வி அமைச்சர் வி.கே.ஆர்.வி. ராவ் 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அப்போது 40 ஆயிரம் மாணவர்கள். ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், ஒரு சிறப்பு முகாம். எனக்காக இல்லை, உனக்காக என்பது முழக்கம்.

செப்டம்பர் 24. இந்தத் தேதி நம் ஆட்களுக்கு வேறு காரணத்துக்காக நினைவிருக்கும். 1932இல் இதே நாளில்தான் எரவாடா சிறையில் பட்டினி கிடந்த காந்தியின் உயிரைக் காப்பாற்ற, கையில் கிடைத்த தனி வாக்காளர் தொகுதியை விட்டுக்கொடுத்து பாபாசாகேப் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். தேதிப் பொருத்தம் தற்செயல்தான். ஜோசியம் பார்க்க நமக்கு நேரமில்லை. ஆனால் இரண்டுக்கும் நடுவில் ஓடுகிற கருத்தியல் தற்செயல் இல்லை.

ஒப்பந்தம் கையெழுத்தான ஒரு வாரத்துக்குள் பம்பாயில் தீண்டாமை ஒழிப்புக்கு ஓர் அகில இந்தியச் சங்கம் தொடங்கினார்கள். தலைவர் ஜி.டி. பிர்லா, செயலாளர் ஏ.வி. தக்கர். பின்னாளில் அதுதான் ஹரிஜன் சேவக் சங்கம். பெயரிலேயே சேவை. மூன்றாம் வட்டமேசை மாநாட்டுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருந்த அம்பேத்கர், 1932 நவம்பர் 14 அன்று தக்கருக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார். சேவை என்று வாயைத் திறக்கிற ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய கடிதம் அது.

அதில் அவர் சொன்னதன் சாரம் இது. தாழ்த்தப்பட்டவன் தாழ்ந்து கிடப்பதற்கு அவனுடைய தனிப்பட்ட ஒழுக்கக் குறைதான் காரணம் என்று நினைத்தால், மதுவிலக்கு, உடற்பயிற்சி, நூலகம், பள்ளிக்கூடம் என்று அவனைத் திருத்துகிற வேலையைச் செய்வீர்கள். அவனைச் சுற்றியிருக்கும் சமூகச் சூழல்தான் காரணம் என்று நினைத்தால், அந்தச் சூழலைப் பிடித்து உலுக்குகிற வேலையைச் செய்வீர்கள். சங்கம் இரண்டாவதைச் செய்யட்டும். ஊர்க் கிணற்றில் தண்ணீர் எடுக்க, பள்ளிக்கூடத்தில் உட்கார, பொதுச் சாவடியில் நுழைய, பொது வண்டியில் ஏற என்று குடியுரிமைகளுக்காக முதலில் களத்தில் இறங்கட்டும். அதனால் கலவரம் வரும், மண்டை உடையும், அதற்குப் பயந்து பின்வாங்கக் கூடாது. இந்த வேலைக்குத் தீண்டத்தகாதவர்களையே ஊழியர்களாக எடுப்பது நல்லது. ஏனென்றால் அவர்களுக்குத்தான் அது வயிற்றுப் பிழைப்பல்ல, வாழ்க்கை.

அந்தக் கடிதம் கிடைத்தது என்றுகூட பதில் வரவில்லை. கொஞ்ச நாளில் அவர் அந்தச் சங்கத்திலிருந்து விலகிவிட்டார். நிர்வாகத்தில் எங்களுக்கு இடம் கொடுங்கள் என்று கேட்கப்போன தாழ்த்தப்பட்டோரிடம் காந்தி சொன்ன விளக்கம் இன்னும் முக்கியம். தீண்டாமை சாதி இந்துக்கள் செய்த பாவம், இந்தச் சேவை அதற்கு அவர்கள் செய்கிற பிராயச்சித்தம், ஆகவே சங்கத்தை அவர்கள்தான் நடத்த வேண்டும் என்றார்.

சரி. பிராயச்சித்தம் என்றே வைத்துக்கொள்வோம். மேலே இருப்பவன் கீழே இறங்கி வந்து, கையில் அழுக்குப் பட்டு, மனசு கழுவிக்கொண்டு, திரும்ப மேலே ஏறிப்போகிற சடங்கு. 1969இல் கல்லூரிக்கு வந்தவர்களில் பெரும்பகுதி யார்? மண்வெட்டியைத் தொட்டே பார்த்திராத வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்கு ஏழு நாள் துடைப்பம் பிடிக்கக் கற்றுக்கொடுத்ததில் தப்பே இல்லை, இன்னும் ஏழு நாள் கூடக் கொடுத்திருக்கலாம். ஆனால் இன்றைக்கு ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் கல்லூரி வகுப்பறைக்குள் எட்டிப் பாருங்கள். தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழியில் நின்ற கால்களின் பேரப் பிள்ளைகள். ஷூ கம்பெனி வண்டிக்கு விடியலில் ஓடுகிற அம்மாக்களின் மகள்கள். பாவம் செய்தவன் துடைப்பம் எடுத்தால் பிராயச்சித்தம். பாதிக்கப்பட்டவனின் பேரன் எடுத்தால் அதற்குப் பெயர் என்ன? அதற்கு நம் பாட்டன்மார் காலத்திலேயே ஒரு பெயர் இருந்தது. வெட்டி வேலை. கூலியில்லாமல், கேள்வியில்லாமல், பிறப்பால் விதிக்கப்பட்டுச் செய்தது. தம்பியின் அம்மா கேட்டது இதைத்தான். அவர் எந்தக் குழுவின் அறிக்கையும் படித்ததில்லை.

நானும் முகாமுக்குப் போனவன்தான். எந்தக் கல்லூரி, எந்த ஊர் என்பது வேண்டாம். ஊர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் தங்கினோம். சேரி வாய்க்காலுக்கு அப்பால். முதல் நாளே குழு பிரித்தார்கள். பொறுப்பாளர், “மண் வேலை யாருக்கெல்லாம் பழக்கம்?” என்று கேட்டார். ஒருத்தரும் கை தூக்கவில்லை. ஆனால் அவர் கண் எங்கள் நாலு பேர் மேலதான் வந்து நின்றது. எப்படித்தான் கண்டுபிடிக்கிறார்களோ. வாய்க்கால் எங்களுக்கு. கணக்கெடுப்பு, நாடகம், மேடை, மைக் எல்லாம் மற்றவர்களுக்கு.

மூன்றாம் நாள் தூர் வாரிக்கொண்டிருந்தோம். ஒரு ஆயா வந்து இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தது. “எந்த ஊருப்பா? எவூட்டுப் புள்ளங்க?” சொன்னோம். முகம் மாறிப்போச்சு. உள்ளே போய்ச் சொம்பில் கூழ் கொண்டுவந்தது. குடித்து முடிக்கிற வரைக்கும் நின்றுவிட்டுச் சொன்னது: “வாய்க்கால வுடு நைனா. அத நாங்க வாரிக்குவோம். எங்க கெணத்துத் தண்ணில பருப்பு வேவல, துணி தொவைச்சா நொரை வரல. நீங்க படிக்கிற புள்ளங்க, அது இன்னான்னு பாத்து எழுதிக் குடுங்க.”

எங்களிடம் நோட்டுப் புத்தகம் இல்லை. மண்வெட்டிதான் இருந்தது. வாய்க்காலை வாரி முடித்தோம். முகாம் அறிக்கையில் இத்தனை மீட்டர் கால்வாய் என்று எழுதினார்கள். கிணறு அறிக்கையில் வரவில்லை. சான்றிதழ் இப்போதும் வீட்டுப் பெட்டியில் கிடக்கிறது. பத்துப் பதினைந்து வருஷம் கழித்தும் அந்தக் கூழ்ச் சொம்பு என்னை விடவில்லை. கவிதையில் எழுதிப் பார்த்தேன், சரியாக வரவில்லை. அது கவிதைக்கான விஷயமில்லை, மனுவுக்கான விஷயம்.

கிணறு என்றால் சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். தோல் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் நாசமாக்கியதை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கெடுத்தவனே விலை கொடுக்க வேண்டும் என்ற கோட்பாடு இந்த நாட்டுச் சட்டத்துக்குள் உறுதியாக வந்து உட்கார்ந்தது நம் மண்ணின் வழக்கால்தான். சுமார் 35 ஆயிரம் ஹெக்டேர் விளைநிலம் பாழாகிவிட்டது என்ற ஆய்வு அந்தத் தீர்ப்பில் இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது. திண்டுக்கல் பக்கம் 13 கிராமங்களில் ஒரு தன்னார்வ அமைப்பு போய்க் கிணறு கிணறாக எண்ணியது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கெட்டுப்போயிருந்தன. இந்த எண்ணிக்கை உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஏறியது. யாரோ சில பேர் வெயிலில் நடந்து, கயிறு விட்டுத் தண்ணீர் மொண்டு, பேர் கேட்டு எழுதினார்கள். அவ்வளவுதான். இதைச் செய்ய முனைவர் பட்டம் வேண்டாம். 120 மணி நேரம் தாராளமாகப் போதும்.

நம்ம ராணிப்பேட்டையிலேயே, 1995இல் மூடிய குரோமேட் தொழிற்சாலை லட்சக்கணக்கான டன் குரோமியக் கழிவை அப்படியே குவித்துவிட்டுப் போனது. 2006இல் வெளிநாட்டு அமைப்பு ஒன்று உலகத்தின் மிக மாசுபட்ட பத்து இடங்களில் ஒன்றாக ராணிப்பேட்டையைப் பட்டியல் போட்ட பிறகுதான் பல பேருக்கு இந்த ஊர் வரைபடத்தில் எங்கே இருக்கிறதென்றே தெரிந்தது. 2015 ஜனவரி 31 நள்ளிரவு, சிப்காட் பக்கத்தில் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் உடைந்து, அடுத்திருந்த தோல் தொழிற்சாலைக்குள் தூங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் கழிவுச் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அந்த ஆண்டுகளில் நாடு முழுக்க கல்லூரிகள் துடைப்பமும் கையுமாக நின்றன. 2014 அக்டோபர் 2 அன்று தூய்மை இந்தியா தொடங்கியிருந்தது. தெருவைக் கூட்டிய படங்கள் ஏராளம். சேற்றுத் தொட்டிச் சுவரை யார் போய்ப் பார்த்தார்கள்?

2018இல் பல்கலைக்கழக மானியக் குழு, கோடை விடுமுறையில் நூறு மணி நேரம் தூய்மைப் பணி செய்தால் இரண்டு மதிப்பெண் அலகு தரலாம் என்றது. 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும் சமூகப் பணியைப் படிப்புக்குள்ளேயே அலகாக வைக்கச் சொல்கிறது. நம் கல்லூரிகளில் ஐந்தாம் பகுதி என்ற பெயரில் விரிவாக்கப் பணி ஏற்கெனவே ஓர் அலகாக இருக்கிறது. தேர்வு கிடையாது, வருகைப் பதிவு உண்டு. ஆக, சேவை இப்போது பாடம். தம்பியின் அம்மா இத்தனை வருஷமாகச் செய்வதற்கு அலகு போட்டால் எத்தனை பட்டம் தேறும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். வங்கிக்காரன் புத்தி, விடுங்கள்.

இதையெல்லாம் சொல்வதால் திட்டத்தையே தூக்கி எறி என்று சொல்ல வரவில்லை. நம் தோழர்களில் சிலர் அப்படிச் சொல்கிறார்கள். புறக்கணிப்போம் என்கிறார்கள். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. எத்தனையோ பெண் பிள்ளைகளுக்கு வீட்டை விட்டு வெளியே ஓர் இரவு தங்க அனுமதி கிடைத்ததே இந்த முகாமால்தான். ஒரே அண்டாச் சோற்றை எல்லாச் சாதிப் பிள்ளைகளும் வரிசையில் நின்று வாங்கிச் சாப்பிடுகிற இடம் கல்லூரி வாழ்க்கையில் வேறெங்கே இருக்கிறது? அரசாங்கச் செலவில், அரசாங்கக் கடிதத்தோடு, ஒரு கிராமத்துக்குள் ஐம்பது மாணவர்கள் ஏழு நாள் நுழைகிறார்கள். இந்த வாய்ப்புக்கு நம் இயக்கம் எவ்வளவு போஸ்டர் ஒட்ட வேண்டும், எத்தனை காவல்நிலையம் ஏறி இறங்க வேண்டும். கையில் வந்ததை விட்டுவிடக் கூடாது. கருவியை மாற்ற வேண்டும்.

எங்கள் கிளைக்கு ஒரு முறை நலப்பணித் திட்ட மாணவிகள் வந்திருந்தார்கள். ஒரு வாரம் உட்கார்ந்து, எழுதத் தெரியாதவர்களுக்குச் சலான் நிரப்பித் தந்தார்கள். ஒரு பெண்ணிடம், “பிஎஃப் பணம் வருதாம்மா? கம்பெனி பேரு இன்னா?” என்று கேட்டாள் ஒரு மாணவி. அந்த அம்மா இருபது வருஷமாகத் தோலுக்குச் சாயம் போடுகிற வேலை. “கம்பெனி பேரு தெரியாது பாப்பா. மேஸ்திரி பேருதான் தெரியும்.” அந்த மாணவி பேனாவை வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அந்த ஒரு நிமிஷத்தில் அவள் கற்றதை எந்த ஐந்தாம் பகுதியும் கற்றுத் தராது. அதற்கு அடுத்து அவள் என்ன செய்திருக்க வேண்டும், எந்த அலுவலகத்தில் எந்த விண்ணப்பம் எழுத வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. பயிற்சி என்றால் அதுதானே பயிற்சி.

பாலாற்றங்கரையில் இன்னொரு காட்சி. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி பக்கம் நாராயணபுரத்தில், சுடுகாட்டுக்குப் போகிற வழியை ஆதிக்க சாதியாரின் நிலம் மறித்ததால், இறந்துபோன நம் மனிதர் ஒருவரின் உடலைப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டிக் கீழே இறக்கினார்கள். நாடே பார்த்தது. சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து விசாரித்தது. அந்தக் காட்சிப்பதிவு வெளியே வராமலிருந்தால்? தத்தெடுத்த ஒவ்வொரு கிராமத்திலும் மாணவர்கள் ஒரு வரைபடம் போடட்டுமே. ஊர் எங்கே, சேரி எங்கே, இரண்டு சுடுகாடும் எங்கே, வழி யார் நிலத்தில் போகிறது, குழாய் எங்கே நிற்கிறது, மலக்குழியில் இறங்குகிறவர் யார் என்று. 1993இலும் 2013இலும் சட்டம் போட்டுத் தடுத்த வேலை அது. யார் இறங்குகிறார் என்று எழுதுவதே சேவை. மாணவர்களைக் கொண்டு அந்தக் குழியைச் சுத்தப்படுத்துவது அல்ல.

எதிர்ப்பு வராதா? வரும். கட்டட நிதி கொடுத்தவரின் தொழிற்சாலைக்குப் பக்கத்துக் கிணற்றை எண்ண எந்த முதல்வர் சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்? மண்டை உடையும் என்று பாபாசாகேப் 1932லேயே எழுதியதை மறந்துவிட வேண்டாம்.

பிலிப்பைன்சைப் பாருங்கள். அங்கே கல்லூரி ஆண் மாணவர்களுக்கு ராணுவப் பயிற்சி கட்டாயமாக இருந்தது. மணிலாவின் பல்கலைக்கழகம் ஒன்றில் அந்தப் பயிற்சியில் நடந்த லஞ்சத்தை வெளியே சொன்ன ஒரு மாணவர் 2001 மார்ச்சில் கொல்லப்பட்டார். மாணவர்கள் கொதித்து எழுந்தார்கள். புதுச் சட்டம் வந்தது, 2002 ஜனவரியில் கையெழுத்தானது. ராணுவப் பயிற்சி, எழுத்தறிவுப் பணி, குடிமக்கள் நலப்பணி என்ற மூன்றில் ஒன்றை மாணவரே எடுத்துக்கொள்ளலாம் என்றானது. சேவை செய் என்று சொன்ன இடத்தில் ‘காசு எங்கே போகிறது’ என்று கேட்ட ஒரு பையனின் உயிர் அந்தச் சட்டத்துக்குள் இருக்கிறது. கட்டாய ராணுவப் பயிற்சியைத் திரும்பக் கொண்டுவர அங்கே அரசியல்வாதிகள் மறுபடி மறுபடி முயன்றார்கள். தேர்ந்தெடுக்கிற உரிமை யாரும் தானமாகத் தருவதில்லை, தந்தாலும் கண்ணை மூடினால் காணாமல் போகும்.

நம் முகாம்களுக்கு வருவோம். முகாமில் என்ன வேலை என்பதைப் பொறுப்பாளரும் ஊர்ப் பெரிய மனிதர்களும் முடிவு செய்கிறார்கள். சேரியைக் கேட்பதில்லை. மாணவனையும் கேட்பதில்லை. இந்த இரண்டு பேரையும் கேட்டுத்தான் நிகழ்ச்சி நிரல் போட வேண்டும் என்பது நம் முதல் கோரிக்கையாக இருக்கட்டும். அறிக்கையோடு புகைப்படத்துக்குப் பதில் கொடுத்த மனுக்களின் நகலை இணைக்கட்டும். மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளில் கிராம சபை கூடுகிறது. முகாமில் எடுத்த கிணற்றுக் கணக்கை அங்கே உரக்கப் படித்துத் தீர்மானத்தில் ஏற்றட்டும். 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இந்தத் தோல் கழிவு விவகாரத்தில் மறுபடியும், விடுபட்டவர்களுக்கு இழப்பீடு கொடு, கண்காணிக்கக் குழு போடு என்று சொல்லியிருக்கிறது. நிலத்தின் அளவை வைத்து இழப்பீடு கணக்குப் போட்டால், பட்டாவே இல்லாமல் அதே தண்ணீரைக் குடித்தவன் எந்தப் பட்டியலில் வருவான்? அந்தப் பட்டியலை வெளியிலிருந்து யாரும் வந்து எழுதித் தரப்போவதில்லை.

இனி தம்பிக்கு.

போ. கண்டிப்பாகப் போ. கோயில் வளாகம் கூட்டுகிற அன்றைக்கு, “சார், இந்தக் கோயிலுக்குள் சேரிக்காரங்க வர்றாங்களா?” என்று எல்லார் முன்னாலும் ஒரு தடவை கேள். பதில் எதுவானாலும் தேதி போட்டு எழுதிக்கொள். கால்வாய் வார உங்களை மட்டும் நிறுத்தினால், குழுவைச் சீட்டுக் குலுக்கிப் போடச் சொல். வாருகிற வேலையை எல்லாரும் வாரட்டும், எழுதுகிற வேலையை நீயும் எழுது. அம்மாவிடம் நான் வந்து பேசுகிறேன். அவர் கேட்டது சரியான கேள்வி என்பதைத்தான் முதலில் சொல்வேன்.

இருநூறு பக்க நீள நோட்டு ஒன்றும் இரண்டு பேனாவும் வாங்கிக் கவுண்டரில் வைத்திருக்கிறேன். வியாழக்கிழமைக்குள் வந்து வாங்கிக்கொள். முகாமுக்குப் போகிற மற்றத் தோழர்களும் எழுதுங்கள். கிணறு எத்தனை, தண்ணீர் என்ன நிறம், பருப்பு வேகிறதா, சுடுகாட்டு வழி யார் நிலம், குழியில் இறங்கியவர் கையில் கையுறை இருந்ததா. எழுத்துப் பிழை பரவாயில்லை. அடுத்த இதழின் நடுப்பக்கங்களைக் கவிதைக்கு ஒதுக்காமல் அதற்கு ஒதுக்கியிருக்கிறோம்.